வழிதவறும் வாலிபரும் வாசலை மூடும் நாமும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமத்தால் துவங்குகிறோம்.

கண்மணி நாயகம் (ஸல்) அவர்களின் சபைக்கு ஒரு வாலிபர் வந்தார். வந்தவர் கேட்ட கேள்வி, கேட்போரைத் திடுக்கிடச் செய்யும் கேள்வி. விபசாரம் செய்ய எனக்கு அனுமதி தாருங்கள் என்றார். கூடியிருந்த ஸஹாபாக்கள் சும்மா இருப்பார்களா? அவரை அதட்டினார்கள், வாயை மூடு என்றார்கள். நாயகம் (ஸல்) அவர்களோ, அருகில் வா என்று அழைத்தார்கள். அவர் நெருங்கி வந்து அமர்ந்தார். உன் தாய்க்கு இதை விரும்புவாயா, உன் மகளுக்கு விரும்புவாயா, உன் சகோதரிக்கு, உன் மாமிக்கு, உன் தாயின் சகோதரிக்கு விரும்புவாயா என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர், அல்லாஹ்வின் மீது ஆணையாக இல்லை என்றார். மக்களும் தங்கள் தாய்க்கும் மகளுக்கும் இதை விரும்பமாட்டார்கள் அல்லவா என்று எடுத்துச் சொன்னார்கள். பிறகு அவர் மீது தம் திருக்கரத்தை வைத்து, அவர் பாவம் மன்னிக்கப்படவும், உள்ளம் தூய்மையாகவும், கற்பு காக்கப்படவும் துஆச் செய்தார்கள். அதற்குப் பிறகு அந்த வாலிபர் அதன் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை என்று அபூ உமாமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி முஸ்னது அஹ்மதில் இருக்கிறது.

இந்த ஹதீஸை மதரஸாவில் ஓதியபோது, கேள்வி பதிலாக நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கிய அழகைத்தான் உஸ்தாதுமார்கள் எடுத்துச் சொல்வார்கள். அது உண்மையே. ஆனால் ஒரு மஹல்லாவில் இமாமாக அமர்ந்து, பிள்ளைகளையும் பெற்றோர்களையும் பார்க்கத் தொடங்கிய பிறகு, அதிலுள்ள வேறொன்று நம் மனத்தில் தைக்கிறது. சபை அவரைத் தள்ளியது. நபியவர்கள் அவரைப் பக்கத்தில் இழுத்துக் கொண்டார்கள். பேச்சு அதற்குப் பிறகுதான். தூரத்தில் நிற்பவனுக்குச் சொல்லும் நஸீஹத் அவன் காதோடு நின்றுவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்று நம் வாலிபர்களை அருகில் அழைத்து அமர்த்துகிறவர் யார்? பெரும்பாலும் நாமல்ல, வேறொருவன் அதைச் செய்து கொண்டிருக்கிறான். அவனைப் பற்றித்தான் இம்மாதம் சில வார்த்தைகள் எழுத வேண்டியிருக்கிறது.

அவன் கொம்பு முளைத்த ஷைத்தானாக வருவதில்லை. தெருவில் எல்லோரும் 'அண்ணன்' என்றும் 'பாய்' என்றும் அழைக்கும் ஒருவனாக வருகிறான். பத்தாம் வகுப்பில் தோற்றுப் போய், வீட்டில் திட்டு வாங்கிக் கொண்டு, தெருமுனையில் நிற்கும் பையனை அவன்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். பிரியாணி வாங்கித் தருகிறான். பைக்கை ஓட்டிப் பார்க்கக் கொடுக்கிறான். கைபேசி ஒன்று தருகிறான். அதற்குக் காசு கேட்பதில்லை. ஒரு மாதம் கழித்து, 'தம்பி, இந்தப் பொட்டலத்தை ஸ்டேஷன் பக்கத்தில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடு' என்கிறான். பொட்டலத்தில் என்ன என்று பையன் கேட்பதில்லை. கேட்டால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவோமே என்ற கூச்சம். முதல் தடவை ஐந்நூறு ரூபாய் கிடைக்கிறது. ஒரு நாள் பொட்டலம் தொலைகிறது, அல்லது யாரோ பறித்துக் கொள்கிறார்கள். அன்றோடு அண்ணனின் முகம் மாறுகிறது. இனி அது கடன். கடன் தீரும்வரை அவன் சொன்னதைச் செய்தாக வேண்டும்.

இங்கிலாந்து நாட்டில் லண்டன் போன்ற பெருநகரங்களின் கும்பல்கள், சிறுவர்களைக் கொண்டு சிறு பட்டணங்களுக்குப் போதைப்பொருள் அனுப்புவதை அந்நாட்டார் 'கவுண்டி லைன்ஸ்' என்கிறார்கள். அங்கே கும்பலே ஆள் வைத்துச் சிறுவனிடமிருந்து சரக்கைப் பறித்துக் கொண்டு, பின்னர் அவன் தலையில் கடனைச் சுமத்துவதுண்டு. ஆகவே அங்குள்ள அதிகாரிகள், பிடிபட்ட சிறுவனைக் குற்றவாளி என்று மட்டும் எழுதிவிடாமல், அவனும் சுரண்டப்பட்டவனா என்று பார்க்கத் தொடங்கினார்கள். 2015ஆம் ஆண்டில் அவர்கள் கொண்டுவந்த நவீன அடிமைத்தனத்திற்கு எதிரான சட்டம், கட்டாயத்தாலோ சுரண்டலாலோ சில குற்றங்களைச் செய்ய நேர்ந்தவர்களுக்குப் பாதுகாப்பும் தருகிறது. ஊர் வேறு, பாஷை வேறு, வலை ஒன்றுதான்.

நம் தமிழ்நாட்டிலே ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளில் விளையும் கஞ்சா ரயிலேறி வருகிறது. வலிநிவாரண மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக் கொள்ளும் கொடுமையும் நடக்கிறது. இவற்றைக் கைமாற்றிவிடப் பெரியவர்கள் ஏன் போவதில்லை, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் ஏன் போகிறார்கள் என்று யோசித்தோமா? சிறுவனுக்குச் சட்டம் இளகும் என்பது அந்த அண்ணனுக்குத் தெரியும். அவன் போட்ட கணக்கு அது. பிள்ளையின் இளமையைத் தன் கவசமாக்கிக் கொள்கிறான்.

சட்டமும் இதை அறியாமலில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 78ஆம் பிரிவு, மதுவையோ போதைப்பொருளையோ விற்க, சுமக்க, கடத்த ஒரு குழந்தையைப் பயன்படுத்துகிறவனுக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 95ஆம் பிரிவு, குற்றம் செய்வதற்குக் குழந்தையை அமர்த்துகிறவனுக்கு 3 ஆண்டுக்குக் குறையாமல் 10 ஆண்டு வரை சிறை என்கிறது. அந்தக் குற்றம் நடந்துவிட்டால், அவனே அதைச் செய்ததாக வைத்து அதற்குரிய தண்டனையும் உண்டு. பதினெட்டு வயது நிரம்பாதவர் அனைவரும் இங்கே குழந்தைதான். நம் வீடுகளில் இவை எத்தனை பேருக்குத் தெரியும்? மகன் மீது வழக்கு வந்தால் வக்கீலுக்குக் காசு தேடுகிறோம். மகனை அனுப்பியவன் மீது ஒரு வழக்கு இருக்கிறது என்பதை நாம் அறிவதே இல்லை.

இன்னொரு சுமையைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். நம் கடற்கரை ஊர்களிலும், சென்னை மண்ணடி வட்டாரத்திலும் 'குருவி' என்ற சொல்லை அறியாதவர் இல்லை. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் தங்கத்தையும் மற்ற சாமான்களையும் சுமந்து வருகிறவன் குருவி. முன்பு இதை ஒரு வியாபாரம் போலவே பேசினோம். 'ஹலாலான தங்கம்தானே, வரிதானே கட்டவில்லை' என்று சமாதானம் சொல்லிக் கொண்டவர்களும் உண்டு. இன்று அதே வழியில் பிள்ளைகள் தங்கத்தைப் பசையாக்கி உடம்புக்குள் மறைத்துக் கொண்டு வருகிறார்கள். சரக்கு குறைந்தால் குருவியைக் கடத்திக் கொண்டுபோய் அடிப்பதும், அவன் வீட்டாரை மிரட்டுவதும் செய்தித்தாள்களில் வரும் சங்கதிகள். சுங்கச் சட்டம் கடுமையான குற்றங்களுக்கு 7 ஆண்டு வரை சிறை வைத்திருக்கிறது. டிக்கெட் எடுத்துக் கொடுத்தவனின் பெயர் அந்தக் காகிதங்களில் எங்கும் இராது.

இதில் நமக்கு மிகவும் வருத்தமளிப்பது, 'அமானிதம்' என்ற தூய சொல்லை இவர்கள் பயன்படுத்தும் விதம். 'இது ஒருவருடைய அமானிதம், பத்திரமாகச் சேர்த்துவிடு' என்று சொல்லியே கொடுக்கிறார்கள். உள்ளே இருப்பது இன்னதென்று சொல்லப்படாத பொட்டலம், கொடுத்தவர் பெயர் தெரியாத பெட்டி, இவற்றை அமானிதம் என்று எந்தக் கிதாபும் சொல்லவில்லை. மது விஷயத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பத்துப் பேரைச் சபித்ததாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். திர்மிதியிலும் இப்னு மாஜாவிலும் அது பதிவாகியுள்ளது. அந்தப் பத்தில் குடிப்பவன் ஒருவன். சுமந்து செல்பவன் இன்னொருவன். யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவனும் ஒருவன். அதன் விலையை உண்பவனும் ஒருவன். குடிக்கவில்லை, தொடவில்லை, சுமந்தேன் அவ்வளவுதான் என்ற வாதத்திற்கு அங்கேயே பதில் இருக்கிறது. அதே பதில், சுமக்க வைத்தவனையும் அவனருகிலேயே நிறுத்தியிருக்கிறது.

துன்யாவின் சட்டமும் 'எனக்குத் தெரியாது' என்பதை எளிதில் ஏற்பதில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின்படி, பொருள் ஒருவன் வசம் இருந்தால், அறிந்தே வைத்திருந்தான் என்ற அனுமானத்தோடுதான் வழக்கு தொடங்கும். அறியாமையை நிரூபிக்கும் பாரம் அவனுடையது. 20 கிலோவுக்கு மேற்பட்ட கஞ்சாவுடன் பிடிபட்டவனுக்குக் குறைந்தது 10 ஆண்டு சிறை. ஜாமீன் கிடைப்பதும் மிக அரிது. பதினெட்டு நிரம்பிய மறுநாளே இவையெல்லாம் பிள்ளையின் தலைமேல் வந்து நிற்கும்.

பொட்டலம் சுமப்பது மட்டுமே சுமை என்றும் எண்ண வேண்டாம். 'உன் பாங்குக் கணக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்' என்று கல்லூரிப் பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். மோசடியில் யாரோ ஒரு முதியவரிடம் பறித்த பணம் அந்தக் கணக்கின் வழியாகப் போகும். போலீஸ் வந்து நிற்பது கணக்குக்காரன் வாசலில். கம்ப்யூட்டர் வேலை என்று தாய்லாந்துக்கு அழைத்து, அங்கிருந்து எல்லை தாண்டி மியன்மாரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், இணைய மோசடி செய்யும்படி அடைத்து வைத்துத் துன்புறுத்தப்பட்ட தமிழ்நாட்டு வாலிபர்கள் 2022இல் மீட்டு அழைத்து வரப்பட்டார்கள். வெளிநாட்டு வேலைக்குப் பிள்ளையை அனுப்பி வைத்தே பழகிய நம் சமுதாயம் இதில் இரண்டு மடங்கு விழிப்பாக இருக்க வேண்டும்.

இப்போது விஷயத்தின் கடினமான பகுதிக்கு வருகிறோம். இப்படிச் சிக்கிய பிள்ளை அநியாயக்காரனா, அநியாயம் செய்யப்பட்டவனா?

இரண்டும்தான். அநியாயக்காரனாயினும் அநியாயத்திற்கு உள்ளானவனாயினும் உன் சகோதரனுக்கு உதவி செய் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னபோது, ஸஹாபாக்கள் வியந்து, அநீதிக்குள்ளானவனுக்கு உதவுவது சரி, அநீதி செய்பவனுக்கு எப்படி உதவுவது என்று கேட்டார்கள். அவனை அநீதியிலிருந்து தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று பதில் வந்தது. புகாரியில் உள்ள இந்த ஹதீஸைப் பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு மனிதர்களைப் பற்றியதாகவே விளக்குகிறோம். பொட்டலம் சுமக்கும் பையன் விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே சட்டைக்குள் இருக்கிறார்கள். அவன் விற்ற மாத்திரையால் இன்னொரு தாயின் பிள்ளை கெட்டான். அந்த ஹக்கு அவன் கழுத்தில் இருக்கிறது. அவனை மிரட்டி விற்க வைத்தவன் ஒருவன் இருக்கிறான். அந்த ஹக்கு இவனுக்கு இருக்கிறது. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கிறவர்கள் அவனுக்கு உதவவில்லை.

நம் மஹல்லாக்களிலோ ஒரு கூட்டம், 'எங்கள் வீட்டுப் பிள்ளை அப்படிச் செய்யவே மாட்டான், வேண்டாதவர்கள் மாட்டிவிட்டார்கள்' என்று கண்ணை மூடிக் கொள்கிறது. மறு கூட்டம், 'அவன் ரவுடி, ஜமாஅத் புத்தகத்திலிருந்து பெயரை அடியுங்கள்' என்கிறது. முதல் கூட்டத்தைக் காலம் திருத்திவிடும். போலீஸ் வந்தால் கண் திறந்துவிடும். இரண்டாவது கூட்டத்தைப் பற்றித்தான் நமக்குக் கவலை. ஏனெனில் அவர்கள் தீனின் பெயரால் அதைச் செய்கிறார்கள்.

அவர்களுக்காக ஒரு வரலாறு. தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்ற ஒருவன் முன்சென்ற சமுதாயத்தில் இருந்தான். தௌபாச் செய்ய வழியுண்டா என்று கேட்டு ஒரு துறவியிடம் போனான். உனக்கெல்லாம் தௌபாவா என்று துறவி கையை விரித்துவிட்டார். அவரையும் கொன்று நூறாக்கினான். பிறகு ஓர் ஆலிமிடம் போனான். உனக்கும் தௌபாவுக்கும் இடையே யார் குறுக்கே நிற்க முடியும் என்று கேட்ட அந்த ஆலிம், அத்தோடு விடவில்லை. இன்ன ஊருக்குப் போ, அங்கே அல்லாஹ்வை வணங்கும் மக்கள் இருக்கிறார்கள், அவர்களோடு சேர்ந்து நீயும் வணங்கு, உன் ஊருக்குத் திரும்பாதே, அது கெட்ட ஊர் என்று வழிகாட்டினார். பாதி வழியில் அவனுக்கு மவுத்து வந்தது. ரஹ்மத்துடைய மலக்குகளும் அதாபுடைய மலக்குகளும் தர்க்கித்து, தூரத்தை அளந்து பார்த்தபோது, நல்ல ஊருக்கு ஒரு ஜாண் நெருக்கமாக இருந்தான். ரஹ்மத்துடைய மலக்குகள் எடுத்துக் கொண்டார்கள். அபூ ஸயீதுல் குத்ரீ (ரலி) அவர்களின் அறிவிப்பாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது இருக்கிறது.

இதை எத்தனையோ பயான்களில் கேட்டிருப்பீர்கள்; அல்லாஹ்வின் மன்னிப்பு விசாலமானது என்பதற்குச் சொல்வார்கள். நாம் கேட்பது இது: அந்த நூறாவது உயிர் யாருடையது? வாசலை மூடியவருடையது. அவர் கெட்டவரல்லர், வணக்கசாலி. பாவத்தை அவர் வெறுத்ததும் நியாயமே. ஆனாலும் திரும்பி வர நின்றவனைத் தள்ளிவிட்டதால் கொலை நிற்கவில்லை, ஒன்று கூடியது. ஜமாஅத்திலிருந்து நீக்கப்பட்ட பையன் எங்கே போவான் என்று தீர்மானம் எழுதும்போது யாராவது கேட்கிறார்களா? அவனுக்காக எப்போதும் திறந்திருக்கும் வாசல் அந்த அண்ணனுடையது. அன்று முதல் அவன் முழு நேர ஆள்.

மது அருந்தியதற்காகத் தண்டிக்கப்பட்டுத் திரும்பிய ஒருவரைப் பார்த்து, அல்லாஹ் உன்னை இழிவுபடுத்தட்டும் என்று சிலர் சொன்னபோது, அப்படிச் சொல்லி அவருக்கெதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தண்டனையை அவர்கள் நிறுத்தவில்லை என்பதையும் கவனியுங்கள். தண்டனை வேறு, தள்ளிவைப்பது வேறு.

ஆலிம் சொன்ன இடமாற்றத்தையும் எளிதாகக் கடந்துவிட வேண்டாம். மனம் திருந்தியவனை அதே தெருமுனையில், அதே கடனோடு, அதே மிரட்டலுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, இனி நல்லபடியாக இரு என்றால் எப்படி இருப்பான்? வெளியூரில் உள்ள சாச்சா வீடோ மாமி வீடோ, நல்ல கடை முதலாளியோ, ஒரு வருட காலத்திற்கு அவனை ஏற்க முன்வந்தால், அது பெரும் ஸதக்கா. ஆனால் ஒன்று, வழக்கு நடக்கும் பிள்ளையை நீதிக் குழுமத்தின் அனுமதியில்லாமல் ஊர் மாற்றினால், தப்பியோடியதாகிவிடும். ஏற்பவரிடம் உண்மையைச் சொல்லித்தான் ஒப்படைக்க வேண்டும். மறைத்து அனுப்பினால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் அநியாயம்.

சென்ற ஆண்டு நம்மிடம் ஒரு தாய் வந்தார். லுஹர் முடிந்து ஆட்கள் கலையும்வரை பள்ளிவாசல் மதிலோரம் நின்றிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் மகனின் பள்ளிக்கூடச் சான்றிதழ். 'ஹஜ்ரத், எம்புள்ளையப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. அவனுக்குப் பதினாறுதான் ஆகுது. யாருகிட்டயும் சொல்ல வெட்கமா இருக்கு' என்றார். கணவர் சவூதியில், அவருக்கு இன்னும் சொல்லவில்லை. அந்தப் பிளாஸ்டிக் பையைப் பார்த்து, வெட்கத்திலும் அந்தத் தாயின் புத்தி கலங்கவில்லை என்று நினைத்துக் கொண்டோம். ஏனெனில் அந்த நேரத்தில் மிக முக்கியமானது வயதுக்கான ஆதாரம்தான். பள்ளிச் சான்றிதழ், அது இல்லையென்றால் நகராட்சியின் பிறப்புச் சான்றிதழ். இவை இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை. பதினெட்டு நிரம்பாதவனைப் போலீஸ் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது; பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுபோக வேண்டும். அவன் பெயரையும் படத்தையும் செய்தித்தாளில் போடுவதும் குற்றம். வக்கீலுக்கு வசதியில்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தருகிறது; 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

அன்று மாலை முத்தவல்லியும் இன்னும் இரண்டு பேரும் அந்தத் தாயோடு போனார்கள். போனவர்களில் ஒருவர், அதற்கு முந்தின கூட்டத்தில் பெயரை அடிக்கச் சொன்ன பெரியவர் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிள்ளை சில வாரங்கள் கூர்நோக்கு இல்லத்தில் இருந்தான். இப்போது மஹல்லாவைச் சேர்ந்த ஒருவரின் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் கடையில் தொழில் பழகுகிறான். தொழுகைக்குச் சில நாள் வருகிறான், சில நாள் வருவதில்லை. திருந்திவிட்டான் என்று எழுதும் தைரியம் நமக்கில்லை. காலையில் கடைக்குப் போகிறான், இரவில் வீட்டுக்கு வருகிறான், அது வரைக்கும் அல்ஹம்துலில்லாஹ்.

கத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. பொட்டலம் இருக்கும் இடத்தில் கத்தி வந்துவிடும். யார் தெரு, யார் ஆள் என்ற போட்டிதான் காரணம். 2018 பிப்ரவரியில் சென்னையை அடுத்த மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடியின் பிறந்தநாள் கூட்டத்தைக் காவல்துறை சுற்றி வளைத்து, எழுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்த செய்தி நினைவிருக்கும். பட்டாக்கத்தியால் கேக் வெட்டுவதும், அதைப் படமெடுத்துப் பரப்புவதும் இன்று பிள்ளைகளுக்கு வீரமாகத் தெரிகிறது. விளையாட்டுக்குக்கூடத் தன் சகோதரனை நோக்கி ஆயுதத்தைக் காட்டுகிறவனை, அவன் கூடப் பிறந்தவனாகவே இருந்தாலும், மலக்குகள் சபிக்கிறார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தது முஸ்லிமில் இருக்கிறது. இரண்டு பேர் வாளெடுத்து மோதினால் கொன்றவனும் கொல்லப்பட்டவனும் நரகத்திற்குரியவர்கள் என்று சொன்னபோது, கொல்லப்பட்டவன் ஏன் என்று கேட்கப்பட்டது. அவனும் மற்றவனைக் கொல்லத் துடித்தவன்தானே என்றார்கள். நம் பிள்ளைகளின் பழிக்குப் பழி இதுதான். யார் முந்துகிறார்கள் என்பது மட்டுமே வித்தியாசம்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1992ஆம் ஆண்டு, ஒரு கிறிஸ்தவ தேவாலயத்தில் ஜனாஸாச் சடங்கு நடந்து கொண்டிருக்கும்போதே கும்பல் புகுந்து ஒரு வாலிபனைக் கத்தியால் குத்தியது. அதற்குப் பிறகு அந்நகரத்துப் பாதிரிமார்கள், தேவாலயத்தில் உட்கார்ந்து பிரசங்கம் செய்தால் போதாது என்று முடிவு செய்து, இரவு நேரங்களில் தெருக்களில் நடந்து, மூலைகளில் நிற்கும் பையன்களோடு பேசத் தொடங்கினார்கள். காவல்துறையோடும் சேர்ந்து வேலை செய்தார்கள். பிற மதத்தாரின் செய்தியை இங்கு ஏன் எழுதுகிறோம் என்று சிலர் கேட்கலாம். ஹிக்மத்து மூமினின் தொலைந்த பொருள் என்பார்கள். நம் பள்ளிவாசல்களின் கேட்டில் இஷா முடிந்த கால் மணியில் பூட்டு விழுகிறது. பையன்களின் பொழுது தொடங்குவதோ அதற்குப் பிறகு. இந்தக் கால் மணிக் கணக்கை நிர்வாகிகள் ஒரு முறை உட்கார்ந்து பேசினால் நல்லது.

பெற்றோர்களுக்கு: திடீரென்று இரண்டு கைபேசி, விலைக்குப் பொருந்தாத செருப்பு, பெயர் சொல்லாத நண்பர்கள், நடு இரவில் ஓர் அழைப்பு வந்ததும் வெளியே ஓடுவது, காரணமில்லாமல் நடுங்குவது, பள்ளிக்கூடம் போகாமை, இவற்றைக் கண்டால் அடிக்க வேண்டாம். அடிபட்ட பிள்ளை அன்றிரவே அண்ணனிடம் போய்ப் படுத்துக் கொள்வான். 'உன்னை யாராவது மிரட்டுகிறார்களா, யாருக்காவது காசு கொடுக்க வேண்டுமா?' என்று கேளுங்கள். உம்மா மறைத்து வாப்பாவுக்குத் தெரியாமல் கம்மலை அடகு வைத்துக் கடனைக் கட்டிவிடலாம் என்ற யோசனை வரும். அது தீராத கடன், ஒரு தடவை கொடுத்த வீட்டுக்குத்தான் மறுபடி வருவார்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. பாங்குக் கணக்கு விஷயமென்றால் 1930. பிள்ளை போதைக்கே அடிமையாகிவிட்டானென்றால், தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சை பெறுகிறவனுக்கு, போதையை உட்கொண்ட குற்றத்திற்கும் சிறு அளவு வைத்திருந்த குற்றத்திற்கும் வழக்கிலிருந்து விலக்குக் கிடைக்க 64ஏ பிரிவில் இடமுண்டு. ஓதிப் பார்க்கலாம், தண்ணீர் ஓதிக் கொடுக்கலாம். அதோடு டாக்டரிடமும் போகலாம். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது.

கடைசியாக, அந்தப் பிள்ளையே நம்மிடம் கேட்ட ஒரு மஸ்அலா. 'அந்தப் பணத்தில் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது, அந்தப் பணத்தில் வாங்கிய கைபேசியும் இருக்கிறது, என்ன செய்வது?' என்றான். இப்படிக் கேட்கத் தோன்றியதே பெரிய விஷயம். மோசடியில் பறிக்கப்பட்ட பணமாக இருந்து, உரியவர் யாரென்று தெரிந்தால், அவருக்கே சேர வேண்டும். போலீஸ் மூலமாகவோ வக்கீல் மூலமாகவோ ஒப்படைப்பதுதான் பாதுகாப்பு. போதைப்பொருளைச் சுமந்ததற்கு வாங்கிய கூலி என்றால், அதைக் கொடுத்தவனிடமே திருப்பிக் கொடுத்து அவன் கையை வலுப்படுத்த வேண்டியதில்லை என்று உலமாக்கள் கூறியிருக்கிறார்கள். நன்மையை எதிர்பாராமல், கையைத் தூய்மையாக்கிக் கொள்ளும் நிய்யத்தோடு ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அவனே ஏழையாக இருந்தால், தேவைக்கு மட்டும் எடுத்துக் கொள்ள இடமுண்டு என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் சொன்னதை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எடுத்தெழுதியிருக்கிறார்கள். பள்ளிவாசல் உண்டியலில் போடலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஏழைக்குக் கொடுப்பதே பேணுதல். கைபேசியையும் விற்று அவ்வாறே செய்யலாம். ஆனால் விற்பதற்கு முன் வக்கீலிடம் காட்ட வேண்டும். அண்ணன் அனுப்பிய மிரட்டல் செய்திகள் அதில்தான் இருக்கும். பிள்ளையைச் சுமக்க வைத்தவன் ஒருவன் இருந்தான் என்பதற்குச் சில வழக்குகளில் அதைத் தவிர வேறு சாட்சி இருப்பதில்லை.